முட்டைக்கடை மாமன்

வாங்கண்ணே, வாங்க. வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க. அந்த பெஞ்சு வேணாம், அதுக்கு ஒரு காலு நெளிஞ்சு கெடக்கு. போன மாசம் ஒருத்தன் மேல தூக்கிப் போட்டதுல நெளிஞ்சது. இந்தப் பக்கம் உக்காருங்க. மொக்கராசா? நான்தாண்ணே மொக்கராசு. கல்லுப்பட்டி விலக்கு ரோட்டுல வந்து முட்டைக்கடை மொக்கராசு எங்கன்னு கேட்டா, கேட்டவனைக் கையப் பிடிச்சுக் கூட்டியாந்து விட்டுட்டுத்தான் போவாய்ங்க. ஆனா கடைக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டாய்ங்க. அம்புட்டு மரியாதை.

என்னது? யோகலட்சுமி விசயமாவா?

அட என் சாமி! மாப்ள வீட்டுக்காரவுகளா நீங்க? இத மொதல்லயே சொல்ல வேணாமா? நான் பாட்டுக்கு அழுக்குக் கைலியோட நிக்கிறேன். மாப்ளைக்கு நீங்க என்ன வேணும்? சித்தப்பாவா. ராசபாளையத்துலருந்தா வாரீக. சரி சரி சரி. பொண்ணைப் பத்தி விசாரிக்கணும்னா வரவேண்டிய எடத்துக்குத்தான் வந்திருக்கீக. பெத்தவுககிட்டக் கேட்டா நல்லதை மட்டும் சொல்லுவாக. அக்கம்பக்கத்துல கேட்டா நொள்ளை மட்டும் சொல்லுவாக. தாய்மாமன் ஒருத்தன்தாண்ணே உள்ளதை உள்ளபடி சொல்றவன். அவ ஆத்தா முத்திருளாயி எங்கூடப் பொறந்த தங்கச்சி. யோகலட்சுமி எனக்கு ஒரே மருமக. வேற யாரும் எனக்கு இல்ல.

மனசுல உள்ளதைச் சொல்லிப்புடுறேன். இந்தக் கல்யாணம் நடந்தாகணும். எனக்காகவாச்சும் நடந்தாகணும். ஏன்னா பதினோரு வருசமா எந்தங்கச்சி வீட்டு வாசலை நான் மிதிக்கல. மிதிக்க விடல. ஆனா கல்யாணம்னு ஒண்ணு வந்துட்டா தாய்மாமன் இல்லாம பொண்ணை மணவறைக்குக் கூட்டியாற முடியுமா? ஊரு காறித் துப்பிராது? கூப்பிட்டுத்தான ஆகணும்? நான் மாமன் மாலையும் பட்டுச்சேலையுமா மேடையேறணும். எம்மருமக எங்கால்ல விழுந்து எந்திரிக்கணும். அவ்வளவுதாண்ணே என் ஆசை. அதுக்கப்புறம் நான் செத்தாலும் சரி, எவனையாச்சும் கொன்னுட்டு உள்ள போனாலும் சரி. ஒரு பேச்சுக்குச் சொன்னேன், உக்காருங்க.

மொதல்ல வாயில ஏதாச்சும் போடுங்க. என்ன போடட்டும்? ஏதாச்சும்னா? ஏதாச்சும்னு ஒரு முட்டை கெடையாதுண்ணே. சரி, ஆம்லெட் போடுறேன். குடும்பஸ்தரு மாதிரி இருக்கீக, ஆம்லெட்தான் உங்களுக்குச் சரி. சின்ன வெங்காயம் பொடியா அரிஞ்சு, பச்சமிளகா, ரெண்டு கறிவேப்பிலை, நல்லா நுரை கட்ட அடிச்சு ஊத்துனா வாசம் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போகும். ஒருத்தன் முட்டையை எப்படிக் கேக்குறான்னு பாத்தே அவன் சாதகத்தை நான் சொல்லிருவேன். ஆம்லெட் கேக்குறவன் குடும்பஸ்தன். உள்ள என்ன கெடக்குன்னு பிரிச்சுப் பாக்க மாட்டான், மடிச்சுக் குடுத்ததைத் தின்னுட்டுப் போயிருவான். ஃபுல்பாயில் கேக்குறவன் பயந்தாங்கொள்ளி. வழியல் கேக்குறவன் நாக்கு தெரிஞ்சவன். முட்டையில சால்னா ஒரு கரண்டி விட்டு அடிச்சு, கல்லுல ஊத்தி, வேகுறதுக்குள்ள சுருட்டி எடுக்கணும். ஒரு நிமிசம் கூடிப்போனா அது வழியல் இல்ல, பொடிமாஸு. நான் மதுரையில ஒரு புரோட்டாக் கடையில மாஸ்டரா இருக்கும்போது ஒருத்தன் வழியலைப் பாத்து "என்னய்யா, வேகாம குடுத்திருக்க"ன்னான். "வெந்தது எப்படி இருக்கும்னு தெரியணுமா"ன்னு கேட்டு அவன் கையப் பிடிச்சுக் கல்லுல வச்சேன். அப்புறம் அவன் எந்தக் கடையிலயும் அந்தக் கேள்வி கேட்டிருக்க மாட்டான்.

நானா? நான் ஆஃப்பாயில்தாண்ணே. நெனவு தெரிஞ்ச நாள்லருந்து ஆஃப்பாயில்தான். மெளகுத்தூளும் உப்பும் மஞ்சக்கரு மேல மட்டும் தூவணும், வெள்ளையில விழக் கூடாது. ஓரம் லேசா முறுகணும். ரெண்டு கையிலயும் ஏந்தி அப்படியே முழுசா வாய்க்குள்ள விடணும். வாய்க்குள்ள போய்த்தான் மஞ்சக்கரு ஒடையணும். அந்த நேரத்துல எவனும் என்கிட்டப் பேசக் கூடாது. கண்ணை மூடிக்கிருவேன்.

பொஞ்சாதியா? இருக்கா, அவ ஆத்தா வீட்ல. பதினாலு வருசமா அங்கதான். ஒண்ணுமில்லண்ணே, சின்ன விசயம். கல்லுலருந்து எடுக்கும்போது மஞ்சக்கருவை ஒடைச்சுப்புட்டா. ஒரு நாள்னா பொறுக்கலாம், வரிசையா மூணு நாளு. மூணாவது நாளு நான் ஒரு வார்த்தை சொல்லல. சத்தியமாச் சொல்லல. தோசைக்கல்லை மட்டும் தூக்கி எறிஞ்சேன். அதுவும் அவ மேல எறியல, கதவுல எறிஞ்சேன். அது திரும்பி வந்து அவ கால்ல விழுந்ததுக்கு நான் என்ன செய்ய? சூடு இருக்கத்தான செய்யும். அதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனவதான். ரோசக்காரி. ஆனா ஒண்ணு பாத்துக்கங்க, நான் கைநீட்டி அடிக்கல. முட்டைக்காக ஒரு பொம்பளையக் கைநீட்டி அடிப்பானா மனுசன்?

தவசி அடிச்சான்ணே. யோகலட்சுமியோட அப்பன். எந்தங்கச்சி புருசன்.

கல்யாணமாகி ஆறு மாசம் இருக்கும். முத்திருளாயி வந்து நிக்கிறா, கன்னம் இந்தா இம்புட்டு வீங்கியிருக்கு. என்னத்தான்னு கேட்டா வாயைத் தொறக்கல. நான் கேட்ட கேப்புல சொல்லிட்டா. ஆம்லெட்டுக்கு உப்பை ரெண்டு தடவ போட்டுட்டாளாம், ஓங்கி அறைஞ்சிருக்கான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ஒரு முட்டைக்கு! எங்கூடப் பொறந்தவளை! அப்பவே அடுப்பைப் பத்த வச்சு முப்பது முட்டையைப் போட்டு அவிச்சேன். ஓடு உரிச்சேன். ஒவ்வொண்ணா, சுத்தமா, ஒரு சில்லு ஒட்டாம உரிச்சேன். கோவத்துல இருந்தாலும் வேலையில நான் கொறை வைக்க மாட்டேன். வாளியில போட்டுத் தூக்கிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். பட்டப்பகல். தவசி கட்டில்ல படுத்துக் கெடந்தான். ஏறி நெஞ்சு மேல உக்காந்துட்டேன். "வாங்க மச்சான், உப்பே இல்லாம கொண்டாந்திருக்கேன், தின்னுங்க"ன்னு ஒவ்வொண்ணா வாயில திணிச்சேன். மெல்லுறதுக்குள்ள அடுத்தது. பதினோராவது முட்டைக்குக் கண்ணு ரெண்டும் பிதுங்கி வெளிய வந்துருச்சு. மூஞ்சி கறுத்துப்போச்சு. எந்தங்கச்சி ஓடியாந்து என் தலைமுடியைப் பிடிச்சு இழுக்குறா, "விட்டுருண்ணே, செத்துருவாரு, விட்டுருண்ணே"ன்னு முதுகுல குத்துறா. அண்ணன் மேல அம்புட்டுப் பாசம், எனக்கு ஏதும் போலீசு கேசு வந்துருமோன்னு. பத்தொன்பதுல நிறுத்திட்டேன். எனக்கும் மனசு எளகும்ல? மிச்சத்தை அவுக வீட்டு நாய்க்குப் போட்டேன்.

அன்னிலருந்து தவசி எந்தங்கச்சி மேல கை வச்சதில்லண்ணே. முட்டையும் தின்னதில்ல. முட்டை வாசம் வந்தாலே ஓங்கரிப்பானாம். இப்ப நீங்க அவுக வீட்டுக்குப் போனப்ப கவனிச்சிருப்பீக, அம்புட்டுப் பேருக்கும் விருந்து வச்சாலும் எலையில முட்டை இருந்திருக்காது. எலைக்கு எலை முட்டை வைக்கிற ஊரு இது. இருந்துச்சா? பாத்தீகளா. அதுக்குக் காரணம் இதுதான். வேற ஒண்ணும் நெனச்சுக்கிறாதீக.

இந்தாங்க ஆம்லெட்டு. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க. ஏன் தட்டைக் கையில வச்சுக்கிட்டே இருக்கீக?

இப்ப யோகலட்சுமிக்கு வாரேன். பொண்ணு தங்கம்ணே. மதுரையில ரத்தம் டெஸ்டு எடுக்குற எடத்துல வேலை பாக்குறா. தனியா ஆஸ்டல்ல இருந்துக்கிட்டு, தனியா வண்டி ஓட்டிக்கிட்டு. மேல படிக்கணும், இப்பக் கல்யாணம் வேணாம்னு ஒரு வருசமா வீட்ல மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்னு கேள்விப்பட்டேன். அதையெல்லாம் நீங்க கண்டுக்காதீக. வெக்கம். பொம்பளப் புள்ளைக எதையும் வேணும்னு வாய்தொறந்து சொல்லாதுக. வேணாம் வேணாம்னா வேணும்னு அர்த்தம். நாமதான் வாயைத் தொறந்து உள்ள ஊத்தணும்.

அதுல ஆரம்பிச்சதுதாண்ணே எல்லாம்.

அவ வயசுக்கு வந்தா. பன்னண்டு வயசு. எங்க பக்கம் முறை உங்களுக்குத் தெரியும்ல? உங்க பக்கமும் அதேதான் இருக்கும். சமைஞ்ச புள்ளைக்குக் காலையில வெறும் வயித்துல நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையா ஒடைச்சு வாயில ஊத்தணும். அது உள்ள போனதும் அதே ஓட்டுல நல்லெண்ணெய் நெறைக்க ஊத்தி அதையும் குடிக்க வைக்கணும். அப்பத்தான் இடுப்பெலும்பு இறுகும், நாளைக்கு மூணு புள்ள பெத்தாலும் அசையாது. முட்டையும் எண்ணெயும் கொண்டுபோறது தாய்மாமன் உரிமை. ஓலைக் குச்சு கட்டுறதும் தாய்மாமன் உரிமை. குச்சை நானே கட்டுனேன். முட்டைக்காக ஏழு ஊரு அலைஞ்சேன். கடை முட்டை இல்லண்ணே, கைக்குள்ள அடங்குற சின்ன முட்டை, மஞ்சக்கரு செவசெவன்னு இருக்கும். தெனம் காலையில விடியறதுக்கு முன்ன கெளம்பி வண்டியில போயி, நானே எங்கையால குடுத்தேன்.

அது குடிக்காது. "வேணாம் மாமா, கொமட்டுது மாமா"ங்கும். ஒரு நாளு வாந்தி எடுத்துச்சு. எடுக்கட்டும், நான் கோவப்படல. வாயைத் துடைச்சுவிட்டேன், அடுத்த முட்டையை ஒடைச்சேன். அதையும் எடுத்துச்சு. மூணாவதை ஒடைச்சேன். என்கிட்ட முட்டைக்கா பஞ்சம்? நாலாவது உள்ள நின்னுச்சு. பொறுமை வேணும்ணே புள்ளைககிட்ட. எட்டு நாளும் இப்படித்தான். கடைசி ரெண்டு நாளா நான் வண்டியை நிறுத்துற சத்தம் கேட்டாலே குச்சுக்குள்ள அது முழங்காலைக் கட்டிக்கிட்டுச் சுருண்டுக்கிரும். மாமன் மேல ஒரு பயபக்தி.

ஒம்பதாம் நாளு சடங்கு. பந்தலு, மேளம், மைக்செட்டு, சொந்தபந்தம் அம்புட்டுப் பேரும் வந்திருக்காக. நான் சீர் கொண்டுபோறேன். தாம்பாளத்துல நூத்தியொரு நாட்டுக்கோழி முட்டை, பித்தளைத் தூக்குவாளி நெறைய மரச்செக்கு எண்ணெய். சபை நடுவுல மனையில புள்ளைய உக்கார வச்சாச்சு. நான் முட்டையைத் தட்டி ஒடைச்சு வாய்கிட்டக் கொண்டுபோறேன், அது பல்லைக் கடிச்சுக்கிட்டு வாயை மூடிக்கிருச்சு. சபையிலண்ணே! அம்புட்டுப் பேரு பாக்க! பின்னால ஒரு கிழட்டுப் பய சிரிக்கிறான். எனக்கு எப்படி இருக்கும்? லேசாத்தான் தாடையை அமுக்கினேன். தலையை வெடுக்குன்னு திருப்புனதுல ஓட்டோட மொனை ஒதட்டைக் கிழிச்சிருச்சு. போட்டோவுல பாத்திருப்பீகளே, மேலுதட்டுல சின்னதா ஒரு தழும்பு? உங்ககிட்ட கீழ விழுந்ததுன்னு சொல்லிருப்பாக. விழல. அது நான் போட்டது. அதுவும் ஒரு அழகாத்தான் இருக்கு.

ரத்தமும் மஞ்சக்கருவும் பட்டுச்சேலையில வழியுது. அப்ப வாரான் தவசி. கையில ஒரு தட்டு. தட்டுல என்ன தெரியுமா? ஆம்லெட்டு! "புள்ளைக்குப் பச்சை முட்டை ஆகல மச்சான். ஆம்லெட்டுன்னா ஆசையாத் திங்கும். முட்டை எப்படிப் போனா என்ன, விட்டுருங்க"ங்கிறான். அவனுக்கு ஓங்கரிப்பு வேற, மூக்கைத் துண்டால பொத்திக்கிட்டு எம்மருமகளுக்கு ஆம்லெட் போட்டு எடுத்தாந்திருக்கான். தாய்மாமன் சீரு மனையில இருக்கும்போது எதுத்தாப்புல இன்னொருத்தன் முட்டை கொண்டாறதா? பெத்த அப்பனா இருந்தா? என் உரிமையில கை வைக்கிறதா?

தூக்குவாளியை எடுத்து ஒரே வீச்சு. எண்ணெயோட கனம் சேந்துருச்சுல்ல, வாளி விளிம்பு அவன் இடது கண்ணுல எறங்கிருச்சு. அவன் அப்படியே உக்காந்தான். அவன் தம்பிக மூணு பேரு பந்தக்காலைப் பிடுங்கிக்கிட்டு வாராய்ங்க. வந்தவன் ஒருத்தன் தாம்பாளத்துல மிதிச்சான். நூத்தியொரு முட்டையும் நல்லெண்ணெயும் தரையெல்லாம் ஓடுது, எவனாலயும் நிக்க முடியல. அடிக்க வந்தவன் வழுக்கி விழுகுறான், விழுந்தவன் மேல நான் விழுகுறேன், விழுந்த எடத்துலயே கடிக்கிறேன். ஒருத்தன் காதுல பாதி எம்பல்லுல வந்துருச்சு. எங்கையை ரெண்டா ஒடைச்சாய்ங்க. இந்தா பாருங்க, இன்னைக்கும் முழுசா மடங்காது. மேளக்காரன் மேளத்தைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு ஓடுறான். சமையக்காரன் கொதிக்கிற சாம்பாரைக் கொண்டாந்து ஊத்திப் பிரிச்சு விட்டான்.

அம்புட்டுக்கும் நடுவுல எம்மருமக மனையை விட்டு எறங்கல தெரியுமா? ஒதட்டுல ரத்தத்தோட, அழாம, கொள்ளாம, என்னையே பாத்துக்கிட்டு நின்னா. மாமன் நமக்காக இப்படி நிக்கிறானேன்னு அவளுக்குப் பெருமையா இருந்திருக்கும். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கல.

நாப்பது நாளு உள்ள இருந்தேன். வெளிய வந்து பாத்தா தங்கச்சி வீட்டுக் கதவைச் சாத்திட்டா. தவசிக்கு இடது கண்ணு போயிருச்சு. உங்க முன்னால கறுப்புக் கண்ணாடி போட்டு உக்காந்திருப்பாப்ல, கண்ணு ஆபரேசன்னு சொல்லிருப்பாப்ல. பொய்ண்ணே. சம்பந்தம் பண்ண வந்தவுககிட்டப் பொய் சொல்லலாமா? அதான் நான் நெசத்தைச் சொல்றேன். நாளைக்கு எவனும் வந்து எதையும் புதுசாச் சொல்லிரக் கூடாதுல்ல?

ஏன்னா எவனோ சொல்றான்ணே. எவனோ குலைக்கிறான்.

உங்களுக்கு முன்ன ரெண்டு எடம் வந்துச்சு. சாத்தூர்லருந்து ஒரு வாத்தியாரு. இந்தா இதே எடத்துல உக்காந்து வழியல் சாப்ட்டாரு. இதே மாதிரி எல்லாத்தையும் மனசு விட்டுச் சொன்னேன். பாதியில "பஸ்ஸு வந்துருச்சு"ன்னு எந்திரிச்சு ஓடுனாரு. அந்த நேரத்துக்கு இந்த ரோட்டுல பஸ்ஸே கெடையாது. அதோட தகவல் இல்ல. அடுத்து தேனிப் பக்கம் ஒரு புருசன் பொஞ்சாதி. அந்தம்மாவுக்கு ஆசையாக் கரண்டி ஆம்லெட் போட்டுக் குடுத்தேன். குழிக்கரண்டியில எண்ணெய் விட்டு, தணல்ல காட்டி, பந்து மாதிரி உப்பி வரும். வாயில வைக்கல. சேலைத் தலைப்பைக் கடிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு. அவுகளும் "வேணாம்"னு சொல்லிவிட்டாக. என்கிட்டப் பேசுற வரைக்கும் ரெண்டு எடமும் நல்லாத்தான் இருக்கு. இங்கருந்து போனதுக்கு அப்புறந்தான் கெட்டுப் போகுது. அப்ப இடையில எவனோ பேசுறான்னுதான அர்த்தம்?

யோசிச்சேன். ரெண்டு எடத்துக்காரவுகளும் இங்கருந்து எந்திரிச்சுப் போயி எதுத்தாப்புல குருசாமி கடையில நின்னாக. போன் ரீசார்ஜ் கடை. அவன்தான்னு முடிவு பண்ணிட்டேன். போனேன். "என்னடா சொன்ன அவுககிட்ட"ன்னேன். "ஒண்ணும் சொல்லலடா மொக்கராசு, ஆட்டோ ஸ்டாண்டு எங்கன்னு கேட்டாக, காட்டுனேன்டா"ங்கிறான். இழுத்தாந்து இங்க போட்டு, அந்த பெஞ்சைத் தூக்கித் தோள்பட்டையில எறக்குனேன். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. அப்பவும் இல்லேன்னுதான் அழுதான். அழுதா நம்பிருவோமா? இன்னும் கட்டுப் போட்டுப் படுத்துக் கெடக்கான், பாருங்க, கடை பூட்டித்தான் கெடக்கு. ஆக, இந்தத் தடவ குலைக்க ஆள் இல்ல. நீங்க தைரியமாப் பேசலாம்.

சரி, சண்டைப் பேச்சு போதும். மாப்ளையைப் பத்திச் சொல்லுங்க. சம்பளம், வீடு எல்லாம் எனக்கு வேணாம். மாப்ள முட்டை எப்படிச் சாப்பிடுவாரு? சிரிக்காதீகண்ணே, அதுல எல்லாம் இருக்கு. சொல்லுங்க.

வெள்ளைக்கரு மட்டுமா?

ஜிம்முக்குப் போறாரா. சரி. தெனம் ஆறு முட்டை அவிச்சு, வெள்ளையை மட்டும் திங்கிறாரு. சரி. மஞ்சளை? மஞ்சளை என்ன செய்வாரு? இல்லண்ணே, நீங்க சொல்லுங்க. மஞ்சளை என்ன செய்வாரு?

குப்பையிலயா?

இருங்க. ஒரு நிமிசம் இருங்க, இந்த வெங்காயத்தை அரிஞ்சுக்கிட்டே கேக்குறேன். ஆறு மஞ்சக்கரு. ஒரு நாளைக்கு. ஒரு கோழி ஆறு நாளா முக்கி முக்கிப் போட்டதை ஒருத்தன் குப்பையில கொட்டுறான். அதை ஒரு வீடே பாத்துக்கிட்டு இருக்கீக! நீங்க சித்தப்பன்தான, ஒரு அறை விட வேணாமா? சரி. சரி சரி. நான் கோவப்படல. கல்யாணம் முடியட்டும். மறுவீட்டுக்கு இந்தப் பக்கம் வருவாருல்ல? நான் பாத்துக்கிறேன். தவசிகிட்டப் பேசுன மாதிரி ஒரே ஒரு நாளு உக்காந்து பேசுனா மாப்ள மஞ்சக்கரு திங்க ஆரம்பிச்சிருவாரு. அதுக்குத்தான மாமன்னு ஒருத்தன் இருக்கிறது.

எங்க எந்திரிக்கிறீக? ஆம்லெட்டு அப்படியே இருக்கு. பஸ்ஸா? இந்த நேரத்துக்கு ஏதுண்ணே பஸ்ஸு? உக்காருங்க. உக்காருங்கண்ணே. கைய ஏன் உதறுறீக, நான் சும்மா பிடிச்சிருக்கேன். இந்தக் கத்தியைப் பாத்தா பயப்படுறீக? அட, இது வெங்காயம் அரியிறது, அரிஞ்சுக்கிட்டே இருந்தேன், கீழ வைக்க மறந்துட்டேன். வைக்கிறேன். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க. இப்பத்தான் எனக்கு உறைக்குது. எந்தங்கச்சி வீட்ல என் பேரை எவரும் எடுக்க மாட்டாக. எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்னே அவ சொல்ல மாட்டா. குருசாமி படுத்துக் கெடக்கான். அப்ப உங்களை இங்க அனுப்பிச்சது யாரு? மொக்கராசுன்னு என் பேரைக் கேட்டுக்கிட்டுல்ல வந்தீக? எவனோ வேணுமின்னே உங்களை இங்க அனுப்பி என்னமோ வேலை பாக்குறான். அவன்தான் குலைக்கிறவன். அவன் பேரைச் சொல்லுங்க, கைய விட்டுர்றேன். பேரைச் சொல்லுங்கண்ணே. இன்னைக்கு அவன் குடலை உருவிக் கல்லுல போடுறேன். சொல்லுங்கங்கிறேன்ல!

யாரு?

பொண்ணா? எந்தப் பொண்ணு? யோகலட்சுமியா? எம்மருமகளா?

மெதுவாச் சொல்லுங்க. திரும்பச் சொல்லுங்க. போன்ல தனியாக் கூப்பிட்டுச்சா. கூப்பிட்டு என்ன சொல்லுச்சு? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க, ஒரு வார்த்தை விடக் கூடாது. "வீட்ல யாருக்கும் சொல்லாதீங்க. விலக்குல எங்க தாய்மாமா கடை இருக்கு. மொக்கராசுன்னு கேளுங்க. போயி அவர்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து பேசுங்க. பேசி முடிச்சதுக்கு அப்புறமும் உங்களுக்குச் சம்மதம்னா, எனக்கும் சம்மதம்." இப்படியா சொன்னா? இதே மாதிரியா?

எம்மருமகளே!

அழுகையா வருதுண்ணே. பாருங்க, கண்ணு எப்படி ஊத்துதுன்னு. வெங்காயம் இல்ல இது. பதினோரு வருசம். ஒரு வார்த்தை பேசல, ரோட்டுல பாத்தாலும் தலையைத் திருப்பிக்கிட்டுப் போவா. நான் என்னமோ வெறுத்துட்டான்னு நெனச்சேன். இப்பத்தான தெரியுது, ஆத்தா அப்பனையெல்லாம் மீறி, எந்தாய்மாமன் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் தாலின்னு ஒத்தக்கால்ல நிக்கிறா! அப்ப அந்தச் சாத்தூரு வாத்தியாரு? தேனிக்காரவுக? அவுகளையும் அவதான அனுப்பிச்சிருக்கணும்? வேற யாரு அனுப்பிச்சிருக்கப் போறா? மூணு எடத்தையும் என்கிட்டயே அனுப்பிருக்காண்ணே! மூணு தடவ! எவனோ குலைக்கிறான் எவனோ குலைக்கிறான்னு நான் பாட்டுக்கு அந்தக் குருசாமிப் பயலைப் போயி... சரி, அவன் வேற எதுக்காச்சும் அடி வாங்க வேண்டியவன்தான்.

இந்தாங்க, விட்டுட்டேன், போங்க. ஐயையோ, கை செவந்து போச்சே. மன்னிச்சுக்கங்கண்ணே. வீட்டுக்குப் போனதும் ஒரு மணி நேரம் பேசுனேன்னு மறக்காம அவகிட்டச் சொல்லிருங்க. ஒண்ணையும் மறைக்காம மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாருன்னு சொல்லுங்க, புள்ள சந்தோசப்படும். மாப்ளையையும் ஒரு நாளு கூட்டிக்கிட்டு...

ஏண்ணே இந்த ஓட்டம் ஓடுறீக? லாரி வருது, பாத்து! செருப்பை விட்டுட்டுப் போறீகளே! அண்ணே! ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க! இந்த எடம் அமையாட்டியும் நீங்க சங்கடப்படாதீக! நான் கவலைப்பட மாட்டேன்! அடுத்து வாரவனையும் எம்மருமக இங்கதான் அனுப்புவா!